தில்லிக் கோடையில் சனி, ஞாயிறு எங்கே போவது?

மூன்றாம்மாடி | மே 4, இரவு 9.50

வணக்கம். எங்களுக்குத் திருமணமாகி ஏழு மாதம், தில்லிக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. மயூர் விகாரில் மொட்டைமாடிக்கு நேர் கீழே வீடு. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கூரை, இரவு பதினொரு மணிக்குத்தான் அதைத் திருப்பித் தர ஆரம்பிக்கிறது. கூலர் ஒன்று இருக்கிறது. அதற்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்பதுதான் இப்போது எங்கள் வீட்டு அரசியல்.

இருவருக்கும் வேலை. சனியும் ஞாயிறும் மட்டும் எங்களுடையவை. குளிர்காலத்தில் வந்த புதிதில், ஊர் எங்கே ஓடிவிடப்போகிறது என்று போர்வைக்குள்ளேயே இருந்துவிட்டோம். இந்தியா கேட், செங்கோட்டையின் வெளிச்சுவர், கரோல்பாக் கடைத்தெரு, மலை மந்திர் முருகன், இவ்வளவுதான் பார்த்தது. இப்போது யாரைக் கேட்டாலும் "அக்டோபரில் போங்கள்" என்கிறார்கள். அக்டோபருக்குள் இவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிடலாம்.

நேற்று முதல் முயற்சி, துக்ளகாபாத் கோட்டை. அதே பெயரில் மெட்ரோ நிலையம் இருப்பதால் இறங்கினால் கோட்டைவாசல் என்று நம்பினேன். இறங்கிய பிறகுதான் இன்னும் சில கிலோமீட்டர் ஆட்டோவில் போக வேண்டும் என்று தெரிந்தது. உள்ளே நுழையும்போது மணி பதினொன்று. நிழல் என்று சொல்ல ஒரே ஒரு முள்மரம். கல், கல், அதற்கு மேலும் கல். குரங்குகள்கூட மதிலோரத்தை விட்டு நகரவில்லை. நாற்பது நிமிடத்தில் இவருக்குத் தலை சுற்றியது. ஒரு வளைவுக்குக் கீழே உட்காரவைத்து, துப்பட்டாவை நனைத்துக் கழுத்தில் சுற்றி, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கொடுத்துத்தான் எழுப்பினேன். திரும்பும் வழியில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. திட்டம் போட்டது நான்.

கார் இல்லை. பேரங்காடிக்குள் சுற்ற விருப்பமில்லை. வெயிலோடு மல்லுக்கட்டாமல் இந்த ஊரைப் பார்க்க வழி உண்டா?

மெட்ரோப்பெட்டி | மே 4, இரவு 10.31

பதினொரு மணிக்குத் துக்ளகாபாத் போனவர்கள் உயிரோடு திரும்பியதே பெரிது.

மே கடைசியில் இங்கே சூரியன் 5.25க்கே எழுந்துவிடும். உங்கள் நாள் ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிய வேண்டும். மீதி மாலை ஆறுக்கு மேல்.

நிலையத்தின் பெயரை நம்பாதீர்கள். குதுப்மினார் நிலையத்திலிருந்து மினாருக்கும் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஹுமாயூன் கல்லறைக்கு ஊதா வழித்தடத்தில் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் இறங்க வேண்டும், அங்கிருந்தும் ஆட்டோதான். நீங்கள் மயூர் விகார் என்பதால் நிஜாமுதீன் பாலம் வழியாக ஒரே ஆட்டோவில் போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ தாமதமாகத் தொடங்கும். ஆகவே தூரத்து இடங்களைச் சனிக்கிழமைக்கு வையுங்கள். திங்கட்கிழமை விடுப்பு கிடைத்தாலும் கிளம்பாதீர்கள். செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம் எல்லாம் அன்று மூடியிருக்கும்.

மலைப்பித்தன் | மே 5, காலை 8.05

எதற்கு இந்த வேதனை? வெள்ளிக்கிழமை இரவு காஷ்மீரி கேட்டில் பஸ் ஏறுங்கள். விடியும்போது மலையில் இருப்பீர்கள். 1864 முதல் வெள்ளைக்காரன் கோடை வந்தாலே அரசாங்கத்தையே மூட்டை கட்டிக்கொண்டு சிம்லாவுக்கு ஏறினான். அவன் என்ன முட்டாளா?

மூன்றாம்மாடி | மே 5, பகல் 1.20

அவனுக்குத் திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு வருகைப் பதிவு இல்லை.

பழையகோப்பு | மே 5, மாலை 6.40

அம்மா, நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக 1979இல் இங்கே வந்தவன். ஓய்வு பெற்றும் ஊர் திரும்பவில்லை. முதல் ஆறு கோடைகளை மின்விசிறிகூட ஒழுங்காகச் சுழலாத ஒற்றை அறையில் கழித்தேன். அப்போது கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. இந்த ஊரைக் கட்டியவர்களுக்கும் இதே வெயில்தான் அடித்தது. அவர்கள் மே மாதத்தில் எங்கே போய் உட்கார்ந்தார்களோ அங்கே போய் உட்காருங்கள். கோட்டை போருக்கும் பெருமைக்கும் கட்டியது. கோடைக்குக் கட்டியது கிணறு. இங்கே அதைப் பாவ்லி என்பார்கள். தண்ணீர் ஆழத்தில் இருக்கும், படியிறங்கிப் போய் எடுக்க வேண்டும். அந்தப் படிகளின் இரு பக்கமும் மாடங்கள் வைத்தார்கள். ஊரே அங்கே வந்து மதியத்தைக் கழிக்கும்.

நீங்கள் தலைசுற்றி உட்கார்ந்த அந்தக் கோட்டைக்கும் ஒரு கிணற்றுக்கும் பகை உண்டு. கியாசுத்தீன் துக்ளக் 1321இல் கோட்டை வேலையைத் தொடங்கியபோது, ஊரிலுள்ள கூலியாள்கள் அத்தனை பேரும் தன்னிடம்தான் வர வேண்டும் என்றானாம். அதே சமயத்தில் சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியா தம் இருப்பிடத்தருகே ஒரு பாவ்லி வெட்டிக்கொண்டிருந்தார். ஆள்கள் பகலில் கோட்டைக்கும் இரவில் கிணற்றுக்குமாக உழைத்தார்கள். விளக்கெரிக்க எண்ணெய் விற்கக் கூடாது என்று சுல்தான் தடை போட, கிணற்றில் ஊறிய தண்ணீரே விளக்கில் எரிந்ததாம். கோட்டையில் குஜ்ஜர்கள் மாடு மேய்ப்பார்கள், இல்லையேல் அது பாழாய்க் கிடக்கும் என்று சாபமும் விழுந்தது. வங்கப் படையெடுப்பை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த சுல்தான் பற்றி எச்சரித்தவர்களிடம் அவுலியா சொன்னதாக வழங்கும் சொல்தான் "தில்லி இன்னும் தூரம்". 1325இல் தில்லிக்கு வெளியே வரவேற்பு மண்டபம் சரிந்து சுல்தான் இறந்தான். அதே ஆண்டு அவுலியாவும் மறைந்தார்.

கதையில் பாதி பக்தி. ஆனால் கோட்டை பாழாகக் கிடப்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். கிணற்றில் இன்றும் தண்ணீர் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

சோற்றுக்கட்சி | மே 5, இரவு 8.15

ஐயா கிணற்றைச் சொன்னார், நான் வயிற்றைச் சொல்கிறேன். நம் ஊரில் பந்தா என்றால் வேறு. இங்கே பந்தா என்பது கோலி சோடா. அதே குண்டு, அதே கழுத்து நெரித்த பாட்டில். எலுமிச்சையும் கருப்பு உப்பும் போட்டுக் கலக்கித் தருவார்கள். வெயிலில் அலைந்துவிட்டு முதலில் அதைக் குடியுங்கள், பிறகு பேசுங்கள். காக்டி என்று பாம்பு போல் நீண்ட வெள்ளரி வரும், உப்பு தடவித் தின்ன வேண்டும். ஃபால்சா என்று மிளகைவிடச் சற்றே பெரிய ஊதாப் பழம் கூடையில் வரும். பருவம் சில வாரம்தான், பார்த்தால் விடாதீர்கள். வெறும் வயிற்றோடு விடியற்காலைப் பயணம் வேண்டாம். இரண்டு இட்லியாவது போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

மூன்றாம்மாடி | மே 11, மாலை 4.10

ஐயாவின் பேச்சைக் கேட்டு முதல் கிணறு பார்த்தாயிற்று. அக்ரசேன் கி பாவ்லி. நீல வழித்தடத்தில் பாரகம்பா ரோடில் இறங்கிப் பத்து நிமிட நடை. கன்னாட் பிளேஸின் அடுக்குமாடிகளுக்கு நடுவில், ஹெய்லி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இப்படி ஒன்று இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்தாலும் நம்பியிருக்க மாட்டேன். சின்ன வாசல். நுழைந்ததும் தரை காலுக்குக் கீழே இறங்கிப்போகிறது. நூறு படிகளுக்கு மேல், சுமார் அறுபது மீட்டர் நீளம். இரு பக்கச் சுவரிலும் மூன்று அடுக்காக வளைவு மாடங்கள். இப்போது அடியில் தண்ணீர் இல்லை, புறாக்கள் இருக்கின்றன.

நான் எண்ணிக்கொண்டே இறங்கினேன். முப்பது படிக்குப் பிறகு கழுத்து வியர்வை நின்றது. ஐம்பதில் தெருவின் ஹாரன் சத்தம் அடங்கியது. அதற்குக் கீழே காவலர் விசில் ஊதிவிட்டார். மாடம் ஒன்றில் ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தோம். போன வாரத்தின் கோபம் அங்கேதான் முடிந்தது. யார் முதலில் பேசியது என்பதைச் சொல்ல மாட்டேன்.

கூடவேவந்தவன் | மே 11, மாலை 5.02

நான்தான் முதலில் பேசினேன். பசிக்கிறது என்று சொன்னேன்.

மேலே எழுதுபவரின் கணவன் நான். துக்ளகாபாத்தில் எனக்குத் தலை சுற்றியது உண்மை. காலையில் சாப்பிடாமல் அழைத்துப்போனதை அவள் எழுதவில்லை. கூலருக்குத் தண்ணீர் ஊற்றுவதும் நான்தான்.

சோற்றுக்கட்சி | மே 11, மாலை 5.20

தம்பி, உங்களை எங்கள் கட்சியில் சேர்த்துக்கொண்டோம். அந்தப் பக்கம் போனால் அசோகா சாலையில் ஆந்திர பவன் உணவகம் இருக்கிறது. பருப்புப்பொடி, நெய், ரசம். ஞாயிறு மதியம் கூட்டம் அள்ளும், பன்னிரண்டுக்கே போய்விடுங்கள்.

மூன்றாம்மாடி | மே 18, பகல் 12.45

நேற்று மெஹ்ரோலி. 6.40க்குத் தொல்லியல் பூங்காவுக்குள் இருந்தோம். கட்டணம் இல்லை. பக்கத்திலேயே குதுப்மினார். அதற்கு நாற்பது ரூபாய் டிக்கெட். மினாரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 72.5 மீட்டர், 379 படி, ஆனால் 1981 நெரிசல் விபத்துக்குப் பிறகு யாரையும் ஏறவிடுவதில்லை. இவருக்கு இரும்புத்தூண் பிடித்தது. நான் இறங்க முடியாத இடத்தைவிட ஏற முடியாத இடத்தைச் சீக்கிரம் மன்னித்துவிடுவேன் என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

பூங்காவுக்கு வருகிறேன். புதரும் மயிலுமாகக் கிடக்கிறது. ராஜோன் கி பாவ்லி, அதாவது அரசர்களின் கிணறு, அக்ரசேனைவிட அழகு. நான்கு அடுக்கு. மாடங்களின் சுண்ணப்பூச்சில் இன்னும் வேலைப்பாடு மிச்சம் இருக்கிறது. அடியில் பச்சைத் தண்ணீர், அதில் ஒரு வாத்து. எப்படி வந்தது என்று அரை மணிநேரம் விவாதித்தோம்.

அப்புறம் குலி கான் கல்லறை. எண்கோண வடிவக் கல்லறைக் கட்டடத்தை 1840களில் தாமஸ் மெட்கஃப் என்ற ஆங்கிலேய அதிகாரி வாங்கி, சாப்பாட்டு அறையாக மாற்றிக் கோடை வாசத்துக்கு வைத்துக்கொண்டாராம். தில்குஷா என்று பெயர். தேனிலவுக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விட்டதாகவும் சொல்கிறார்கள். கல்லறையில் தேனிலவு. எங்களுடையது கொடைக்கானலில் மூன்று நாள் மழையில் அறையைவிட்டு வெளியே வராமல் முடிந்தது. ஒப்பிட்டால் பரவாயில்லை.

பழையகோப்பு | மே 18, மாலை 7.15

ஒரு திருத்தம், அம்மா. ராஜோன் என்றால் அரசர்கள் இல்லை. கொத்தனாரை இங்கே ராஜ் என்றோ ராஜ்மிஸ்திரி என்றோ அழைப்பார்கள். ஒரு காலத்தில் அந்தக் கட்டடத்தில் கொத்தனார்கள் குடியிருந்ததால் வந்த பெயர். சிக்கந்தர் லோதி காலத்தில், 1506 வாக்கில் தௌலத் கான் கட்டியது. கட்டியவன் பெயரும் போய், அப்போதிருந்த சுல்தான் பெயரும் போய், குடியிருந்த கொத்தனார் பெயர் நின்றுவிட்டது. நீங்கள் மறுபடியும் அதை அரசர்களிடம் கொடுத்துவிடாதீர்கள்.

மூன்றாம்மாடி | மே 18, இரவு 8.00

வெட்கமாக இருக்கிறது. இனிமேல் கொத்தனார் கிணறு என்றே சொல்வேன்.

காவிரிக்கரை | மே 18, இரவு 9.30

நான் திருச்சி. படிக்கிணறு என்றால் ஏதோ வடக்கத்திச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். திருவெள்ளறையில் நாலுமூலைக் கேணி இருக்கிறது. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் வெட்டியது. ஸ்வஸ்திக வடிவம், நான்கு திசையிலிருந்தும் மடங்கி இறங்கும் படிகள். ஒரு துறையில் குளிப்பவர் அடுத்த துறையில் இருப்பவருக்குத் தெரியமாட்டார். உங்கள் தில்லிக் கிணறுகளைவிட ஐந்நூறு ஆண்டுகளாவது மூத்தது. விடுமுறையில் ஊருக்கு வரும்போது அதையும் பாருங்கள். நம் வீட்டுக் கிணற்றைப் பார்க்காமல் ஊரான் கிணற்றைப் புகழக் கூடாது.

மலைப்பித்தன் | மே 19, காலை 7.50

பழையகோப்பு ஐயாவிடம் ஒரு கேள்வி. கட்டியவர்கள் கிணற்றில் உட்கார்ந்தார்கள் என்கிறீர்கள். ஜஹாங்கீர் பல கோடைகளில் காஷ்மீருக்கு ஓடியவர் அல்லவா? வசதி இருந்தவன் மலைக்குத்தான் போனான்.

பழையகோப்பு | மே 19, பகல் 11.10

உண்மைதான். வசதி இருந்தவரை போனார்கள். பிறகு வசதி போய்விட்டது. ஷா ஆலத்தின் ஆட்சி தில்லியிலிருந்து பாலம் வரை என்று கேலி பேசிய காலம் வந்தது. பாலம் என்பது இப்போது விமான நிலையம் இருக்கும் இடம். காஷ்மீர் எங்கே, பாலம் எங்கே? கடைசி முகலாயர்கள் செங்கோட்டையிலிருந்து புறப்பட்டு இருபது கிலோமீட்டருக்குள் மெஹ்ரோலியிலேயே கோடையையும் மழைக்காலத்தையும் கழித்தார்கள். காடு, ஏரி, தர்கா, மாந்தோப்பு. அங்கே ஜஃபர் மஹால் இருக்கிறது. இரண்டாம் அக்பர் கட்டியது. அவர் மகன் பகதூர் ஷா ஜஃபர் யானை நுழையும் உயரத்துக்கு ஒரு பெரிய வாசலைச் சேர்த்தார். ராஜ்யம் சுருங்கச் சுருங்க வாசல் பெரிதாயிற்று. இந்தத் தம்பதிக்குப் பொருத்தம் அந்தக் கடைசி ராஜாக்கள்தான். கார் இல்லை, விடுமுறை இல்லை, மெஹ்ரோலி இருக்கிறது.

மெட்ரோப்பெட்டி | மே 19, பகல் 11.42

ஜஃபர் மஹால் என்று தேடினால் இரண்டு வரும். ஒன்று செங்கோட்டைத் தோட்டத்துக் குளத்தின் நடுவில், இன்னொன்று மெஹ்ரோலி கடைத்தெருவுக்குள். தெரிந்தவர்களே இடம் மாறிப் போயிருக்கிறார்கள். நானும் போயிருக்கிறேன்.

மூன்றாம்மாடி | மே 25, இரவு 8.30

மறுபடியும் மெஹ்ரோலி. இந்த முறை ஜஃபர் மஹால் மட்டும். இடிந்த மாளிகை, உள்ளே பையன்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். மேல்மாடியில் காற்று நன்றாக வந்தது. அடுத்தாற்போல் சின்னப் பளிங்கு மசூதி. அதன் பக்கத்தில் வேலியிட்ட இடத்தில் முதலாம் பகதூர் ஷா, ஷா ஆலம், இரண்டாம் அக்பர் ஆகியோரின் கல்லறைகள். நடுவில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு வெற்றிடம். ஜஃபர் தனக்கென்று ஒதுக்கிவைத்தது. ஆங்கிலேயர் நாடுகடத்திய ரங்கூனில் 1862இல் இறந்தார், அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

அந்தக் காலியிடத்தைப் பார்த்துவிட்டு, இன்று விடியற்காலையில் ஹுமாயூன் கல்லறைக்குப் போனோம். திட்டமிட்டுப் போகவில்லை, நிஜாமுதீன் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடுகிறது என்பதால் போனோம். அங்கேதான் 1857 செப்டம்பரில் ஜஃபர் பிடிபட்டார் என்பது உள்ளே போன பிறகு இவர் படித்துச் சொன்னது. இவ்வளவு பெரிய கட்டடத்தில் எந்த அறையில் ஒளிந்திருந்தார் என்று சுற்றிச் சுற்றித் தேடினோம். அடுக்கடுக்காக முகலாயக் குடும்பத்தின் கல்லறைகள், நூற்றுக்கு மேல். பெரும்பாலானவற்றில் பெயர் இல்லை.

கட்டியவர் பேகா பேகம், ஹுமாயூனின் மனைவி. கணவர் 1556இல் பழைய கோட்டையில் நூலகப் படிக்கட்டில் தவறி விழுந்து இறந்தார். மனைவி இதை எழுப்பினார். கணவன் மனைவிக்குக் கட்டிய தாஜ்மஹாலுக்கு எழுபது எண்பது ஆண்டுகள் முன்னாலேயே மனைவி கணவனுக்குக் கட்டியிருக்கிறார். அதை எங்கள் பள்ளிப் புத்தகம் ஏன் உரக்கச் சொல்லவில்லை?

ஆறு மணிக்கு உள்ளே போனால் சிவப்புக் கல் ரோஜா நிறமாக இருக்கிறது. ஏழரைக்குச் செங்கல் நிறம். எட்டரைக்கு மேல் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஜாலி எனப்படும் துளையிட்ட கல்திரை வழியாக உள்ளே வரும் காற்று மட்டும் குளிர்ந்தே இருந்தது. இவர் அந்தத் துளைகளில் கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், கூலருக்கு வைக்கோல் மாற்றுவதைப் பற்றி யோசித்திருப்பார்.

கூடவேவந்தவன் | மே 25, இரவு 8.41

ஆமாம். காற்று குறுகிய வழியில் நுழையும்போது வேகம் கூடுகிறது. எங்கள் வீட்டு ஜன்னலில் கூலரை வைத்திருக்கும் கோணம் தவறு. மாற்றிவிட்டேன்.

நேற்றுவந்தவன் | ஜூன் 2, காலை 10.15

இந்த இழையை முழுக்கப் படித்தேன். நானும் என் மனைவியும் சென்னையிலிருந்து ஒரு வாரத்துக்கு வருகிறோம். ஆக்ரா ஒரே நாளில் போய்வரலாமா?

மெட்ரோப்பெட்டி | ஜூன் 2, காலை 10.50

போகலாம். ஹஜ்ரத் நிஜாமுதீனிலிருந்து கதிமான் எக்ஸ்பிரஸ் நூறு நிமிடத்தில் கொண்டுபோய்விடும். வெள்ளிக்கிழமை தாஜ் மூடியிருக்கும், அந்த ரயிலும் ஓடாது. சிக்கல் வேறு: எட்டு மணிக்கு மேல் கிளம்பும் ரயில், நீங்கள் தாஜ் வாசலில் நிற்கும்போது பத்தரை ஆகிவிடும். ஜூனில் பத்தரை மணி வெள்ளைப் பளிங்கை நான் எதிரிக்கும் சொல்ல மாட்டேன். முதல்நாள் இரவே போய்த் தங்கி விடியலில் பாருங்கள். முடியாதென்றால் இந்த அம்மா போன கிணறுகளுக்குப் போங்கள்.

மூன்றாம்மாடி | ஜூன் 8, மாலை 6.20

ஐயா, கடைசியில் நிஜாமுதீன் பாவ்லியைப் பார்த்துவிட்டோம். சனிக்கிழமை மாலை. ரோஜா இதழும் கல்லறைமேல் போர்த்தும் பூச்சாதரும் விற்கும் சந்துகளில் நெருக்கியடித்துப் போக வேண்டும், தலையை மூடிக்கொள்ள வேண்டும். தர்காவின் உள்ளறைக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லை. இவர் உள்ளே போய்வர, நான் ஜாலிக்கு வெளியே மற்றப் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பிடிக்கவில்லை, அதை மறைக்கவும் விரும்பவில்லை. ஆனால் அந்த ஜாலியில் கட்டியிருந்த நூல்களை ஒரு கிழவி ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள். உள்ளே போனவர் அதைப் பார்க்கவில்லை.

பாவ்லியில் தண்ணீர் இருக்கிறது. கரும்பச்சை, நிறைய. 2008இல் ஒரு பக்கச் சுவர் இடிந்து விழுந்ததாகவும் பிறகு ஆகா கான் அறக்கட்டளை தூர்வாரிச் சரிசெய்ததாகவும் ஒருவர் சொன்னார். எழுநூறு ஆண்டு ஊற்று. துக்ளகாபாத்தில் வாய் உலர்ந்து உட்கார்ந்திருந்தவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஜெயித்தது யார் என்று தெரிகிறதா?" என்று கேட்டேன். "உப்புத்தண்ணீர் கொடுத்தவள்" என்றார். ஐஸ் வைக்கிறார் என்று தெரிந்தும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பழையகோப்பு | ஜூன் 8, இரவு 7.45

படித்து மகிழ்ந்தேன். செங்கோட்டையை இன்னும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை என்றால், தோட்டத்தில் சாவன், பாதோன் என்று இரண்டு பளிங்கு மண்டபங்களைத் தேடுங்கள். இரண்டும் மழை மாதங்களின் பெயர்கள். மாடக்குழிகளில் பகலில் பூவும் இரவில் விளக்கும் வைத்து, அவற்றின் முன்னால் தண்ணீரைத் திரையாக விழவைப்பார்களாம். வானம் தராத மழையைச் சுவரில் வரவழைத்துப் பார்த்த ஏக்கம். இப்போது தண்ணீர் ஓடவில்லை, குழிகள் இருக்கின்றன.

மூன்றாம்மாடி | ஜூன் 15, இரவு 9.10

பார்த்தோம். ஏக்கம் என்று சரியாகச் சொன்னீர்கள். அந்தக் குழிகளில் இவர் விரல்விட்டு எண்ணினார், நடுவில் வெயில் தாங்காமல் விட்டுவிட்டார்.

இன்று எங்கும் போவதாக இல்லை. மாலையில் சும்மா லோதி தோட்டத்துக்குப் போனோம். அங்கிருந்து நடந்து அம்ரிதா ஷேர்கில் சாலைக்குள் நுழைந்தபோது இரு பக்கமும் சரக்கொன்றை. பருவம் முடியும் நேரம், மரத்தில் பாதி, சாலையில் பாதி. அமல்தாஸ் என்கிறார்கள். நம் முல்லைப் பாட்டில் கொன்றை பூத்தால் கார்காலம் வந்தது, போனவன் திரும்புவான் என்று பொருள். இங்கே உச்சி வெயிலில் பூத்து மழைக்கு முன்பே கொட்டிவிடுகிறது. தில்லிக் கொன்றையை நம்பித் தலைவி யாரும் காத்திருக்க முடியாது. இதைச் சொன்னதும் இவர், "நான்தான் எங்கும் போகவில்லையே" என்றார்.

திடீரென்று ஆந்தி அடித்தது. வானம் பழுப்பாகி, புழுதி கிளம்பி, மஞ்சள் பூக்கள் முகத்தில் அறைந்தன. ஒரு வீட்டுவாசல் மறைவில் ஒதுங்கினோம். ஏழு சொட்டு மழை. எண்ணினேன்.

சோற்றுக்கட்சி | ஜூன் 16, காலை 9.00

மத்திய தில்லிச் சாலைகளில் நாவல் மரங்கள் வரிசையாக நிற்கும். மழை ஆரம்பித்ததும் பழம் உதிரும். கீழே துணி விரித்துப் பிடித்து, உப்பும் மிளகாயும் தூவி விற்பார்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம்.

கூடவேவந்தவன் | ஜூன் 29, பகல் 2.30

பருவமழை வந்துவிட்டது. காலை நான்கு மணிக்கு மொட்டைமாடியில் சத்தம் கேட்டு எழுந்தோம். மூன்றாம்மாடியில் இருப்பதன் லாபம் இதுதான், மழை முதலில் நமக்கு.

அவள் சொன்னபடி ஹௌஸ் இ ஷம்சிக்குப் போனோம். இல்துத்மிஷ் 1230 வாக்கில் வெட்டிய ஏரி, மெஹ்ரோலியில். கரையில் ஜஹாஸ் மஹால் நிற்கிறது. ஏரியில் நீர் நிறைந்தால் கப்பல் மிதப்பதுபோல் தெரியுமாம். இன்று கப்பல் சேற்றில் நின்றது. நாவல்பழம் கிடைத்தது. என் சட்டை வெள்ளை.

மூன்றாம்மாடி | ஜூலை 1, இரவு 9.15

அவர் சட்டையைத் துவைத்தது யார் என்பதையும் எழுதியிருக்கலாம்.

இப்போது புதிய பிரச்சினை. அடுத்த வாரம் மாமியார் வருகிறார், பதினைந்து நாள் இருப்பார். "நீங்கள் சுற்றியதையெல்லாம் எனக்கும் காட்டுங்கள்" என்று போனிலேயே சொல்லிவிட்டார். அவருக்கு இரண்டு முட்டியிலும் வலி. எங்கள் பட்டியலைத் திரும்பப் பார்த்தேன். முழுக்கப் படிக்கட்டு.

மெட்ரோப்பெட்டி | ஜூலை 1, இரவு 9.40

சாணக்யபுரி ரயில் அருங்காட்சியகம். சமதரை. பொம்மை ரயிலில் உட்காரவைத்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிடலாம். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள்.

கூடவேவந்தவன் | ஜூலை 1, இரவு 9.43

அம்மாவுக்கு ஒரு டிக்கெட், எனக்கு ஒன்று.